முதலில் போன ரத்தம்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரத்தம் வரிசையில் நிற்கும். வந்த நேரப்படி இல்லை, அந்தஸ்துப்படி.

எங்கள் ஊர் குமாசியில் எந்த வரிசைதான் வேறு மாதிரி இருக்கிறது என்று கேட்கலாம். சாவு வீட்டில் யார் கையை முதலில் குலுக்குவது, விருந்தில் யாருக்கு முதல் தட்டு, கூட்டத்தில் யார் பெயரைச் சொல்லி வணக்கத்தை ஆரம்பிப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. அதை யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் தவறியதும் இல்லை. ஆனால் அந்த முறை சோதனைக் குழாய்களுக்கும் பொருந்தும் என்பதைப் பேராசிரியர் அசியாமா-பெர்கோ கண்டுபிடித்தது போன மார்ச்சில்தான். அவருடைய கண்டுபிடிப்புகளில் இன்றுவரை யாரும் மறுக்காதது அது ஒன்றுதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. உள்ளே வந்தவர் நேராகக் குழாய் அடுக்கின் முன்னால் போய் நின்றார்.

"இதை யாரு அடுக்கினது?"

"நான்தான் புரோஃப்," என்றார் ஆன்ட்டி ஃப்ரேமா. இருபத்திரண்டு வருஷமாக அங்கே டெக்னீஷியன். பேராசிரியருக்குக் குழாய் பிடிக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். இருவரும் அதை மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வார்கள்.

"முதல்ல யாரு?"

"டாஃபோ மார்க்கெட்ல சோளமாவுக் கென்கே விக்கிறாங்களே, மாமே டிவா. காலைல ஆறு மணிக்கே வந்து குடுத்துட்டுப் போயிட்டாங்க, பாவம்."

"ராஜமாதா நானாவோடது?"

"நாலாவது."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். "அசுபோன்சோ ராஜமாதாவோட ரத்தம், கென்கே விக்கிறவளுக்குப் பின்னாடி நாலாவதா நிக்குது. நாளைக்கு அரண்மனை ஆள் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"ரத்தம் போய் கோள் சொல்லாது புரோஃப்."

"ஃப்ரேமா."

"மாத்திட்டேன் புரோஃப்."

அன்றிலிருந்து நானா சேவாவின் ரத்தம்தான் முதலில். மற்ற ஐந்து பேரும் பின்னால்.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். உடம்புக்குள் ஆன்டிபாடி என்று ஒரு போலீஸ் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியைப் பிடிப்பது அதன் வேலை. அதில் சில, கிருமியை விட்டுவிட்டுச் சொந்த வீட்டு ஆட்களையே பிடிக்கும். புற்றுநோய் வந்தவர்கள் ரத்தத்தில் இந்த ரகம் அடிக்கடி தென்படுகிறது. இவை கட்டியின் செல்களைப் பிடித்து அடக்குகின்றனவா, அவற்றுக்கே காவல் நின்று வளர விடுகின்றனவா, இல்லை ஒபுவாசி ரோட்டுச் சோதனைச்சாவடி மாதிரி சும்மா நின்று கையை நீட்டுகின்றனவா என்பதுதான் கேள்வி. ஆளுக்கு ஆள் மாறுகிறது, இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது. யாருக்கும் தெரியாத விஷயங்களில் பேராசிரியருக்கு எப்போதும் ஒரு முடிவு கையில் இருக்கும். இதிலும் இருந்தது. அடக்குகின்றன.

அதை நிரூபிக்கும் முறை எளிது. ரத்தத்தைத் தெளிய வைத்து மேலே நிற்கும் மஞ்சள் நீரை எடுப்போம். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் ரவையை விடப் பொடியான வெள்ளை மணிகள். மஞ்சள் நீரை அதன் வழியே விட்டால் ஆன்டிபாடி மட்டும் மணியில் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் வழிந்துவிடும். ஒட்டியதை உரித்தெடுத்து, கிண்ணத்தில் வளரும் புற்றுச் செல்கள் மேல் விட்டு, மூன்று நாள் கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவோம். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கிண்ணத்தில் எதுவும் விடமாட்டோம். இன்னொன்றில் வார்டில் கீமோவுக்கு ஏற்றும் சிவப்பு மருந்தை விடுவோம், அதில் எதுவும் பிழைக்காது. செவ்வாய் விடுவது, வெள்ளி எண்ணுவது. எண்ணுவது நான். எம்ஃபில் மாணவன் என்றால் அதுதான் பொருள்.

குழல் ஒன்றே ஒன்றுதான். இரண்டாவது டேமா துறைமுகத்தில் இருக்கிறது. நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. ஒரு செவ்வாய்க்கும் அடுத்த செவ்வாய்க்கும் நடுவே குழலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, அசைடு என்ற விஷத்தைத் துளி கலந்த நீரில் ஊறப்போடுவோம். துளி என்பது புத்தகத்தில். கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் குளிர்பெட்டியை நம்ப முடியாது என்பதால் ஆன்ட்டி ஃப்ரேமா தாராளமாக விடுவார், சூப்புக்கு மிளகாய் போடுகிற கை. மறு செவ்வாய் குழலை உப்பு நீரால் பத்துத் தடவை அலச வேண்டும் என்பதும் புத்தகத்தில். இரண்டு தடவை போதும் என்பது பேராசிரியரின் சுற்றறிக்கை. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கிற இயந்திரம் கிறிஸ்துமஸிலிருந்து ஓடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எண்ணினேன். மாமே டிவாவும் மற்ற நான்கு பேரும் ஒரு செல்லைக்கூடக் கிள்ளவில்லை. நானாவின் கிண்ணத்தில் நூற்றுக்கு எழுபது செத்துக் கிடந்தன. மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்று.

பேராசிரியர் வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை.

"ஒவிரேடு, இது யாரோடது?"

"நானாவோடது புரோஃப். நீங்கதானே முதல்ல வைக்கச் சொன்னீங்க."

"தெரியும். நீ வாயால சொல்லி ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு."

அதற்குப் பிறகு நாலு செவ்வாய் அதே ரத்தத்தை, அதே முறைப்படி, முதலில் வைத்துப் பார்த்தோம். நாலு வெள்ளியும் அதே எழுபது. ஒரே தப்பை நாலு தடவை ஒரே மாதிரி செய்தால் எங்கள் துறையில் அதற்கு உறுதிப்பட்ட முடிவு என்று பெயர். அப்போது அது தப்பு என்று எனக்கும் தெரியாது. நானும் கை தட்டினேன், மால்ட்டா பாட்டில் திறந்து கொடுத்தார்கள், குடித்தேன்.

பேராசிரியர் முறைப்படி இரண்டு பாட்டில் ஸ்னாப்ஸ் சாராயம் எடுத்துக்கொண்டு அசுபோன்சோ அரண்மனைக்குப் போய்ச் செய்தி சொன்னார். அங்கிருந்து எஃப்எம் ரேடியோவுக்குப் போனார். நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பதில் அவர் கறார், ரேடியோவில் பெயரைச் சொல்லவே இல்லை. ஊரையும் பதவியையும் மட்டும் சொன்னார். சுவாமேயிலிருந்து ஒரு மெக்கானிக் போன் போட்டு, அந்த ரத்தம் பாட்டிலில் கிடைக்குமா என்று கேட்டான். "ஆராய வேண்டிய விஷயம்," என்றார் பேராசிரியர்.

ராஜமாதாவின் ரத்தம் மற்றவர்கள் ரத்தத்தோடு ஒரே பெட்டியில் உறைந்து கிடப்பது முறையல்ல என்று அதைத் தன் அறையில் இருந்த சின்னக் குளிர்பெட்டிக்கு மாற்றி, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இதுவரை எல்லாம் சிரிக்கிற விஷயம்தான்.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புற்றுநோய் வார்டின் டாக்டர் பொவாஹென் படியிறங்கி எங்களிடம் வந்தார். அந்த அம்மாள் வார்டை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

"உங்க புரோஃப் எங்க?"

"அக்ராவுல டாக்டர். கருத்தரங்கு."

"நல்லது. அவரைப் பார்த்தா என் வாயில என்ன வரும்னு எனக்கே தெரியாது. நானா மூணாவது கீமோவுக்கு வரல. ரெண்டு தடவை ஏத்தினதுல கட்டி எலுமிச்சம்பழத்துலேர்ந்து வேர்க்கடலை சைஸுக்கு வந்திருந்துச்சு. ஏன் வரலைன்னு ஆள் அனுப்பிக் கேட்டா, அவங்க ஒச்சியாமே வந்து நிக்கறார், அந்தத் தங்கப்பூண் கோலோட. நானாவோட ரத்தத்துலயே படை இருக்காம். வெளி மருந்து அந்தப் படைக்கு அவமரியாதையாம்."

ஒச்சியாமே என்பவர் ராஜமாதாவின் வாய். நானாவிடம் யாரும் நேராகப் பேசக்கூடாது, அவரிடம் சொல்ல வேண்டும், அவர் அதை அழகுபடுத்தி நானாவிடம் சொல்வார். பெயர் டார்க்வா. அழகுபடுத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"எவ்வளவு நாள் தாங்கும் டாக்டர்?" என்றார் ஆன்ட்டி ஃப்ரேமா.

"வர்ற திங்கள் இல்ல, அதுக்கடுத்த திங்கள். அது வரைக்கும் நான் பொறுத்துப்பேன். அதுக்கு மேல கட்டி பொறுத்துக்காது. திரும்ப வளர்ந்துச்சுன்னா இதே மருந்து கேக்கும்னு சொல்ல முடியாது." வாசல்வரை போய்த் திரும்பினார். "படையாம். அந்தப் படைத்தளபதிகிட்ட சொல்லிவை தம்பி."

அவர் போன பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. பேராசிரியர் சாவியோடு அக்ரா போய்விட்டார். நானாவின் ரத்தம் பூட்டின பெட்டிக்குள். அவர் மனைவியிடம் மாற்றுச்சாவி இருக்கிறது, ஆனால் பள்ளிக்கூடம் விட்டு மத்தியானம்தான் வருவார். மற்ற ரத்தம் எல்லாம் வெளியே உருகி உட்கார்ந்திருந்தது.

"காத்திருந்தா கெட்டுடும்," என்றார் ஆன்ட்டி. "மாமே டிவாவை விடு முதல்ல. நானா கடைசில வரட்டும். யார்கிட்டயும் சொல்லாத."

வெள்ளிக்கிழமை இரண்டு தடவை எண்ணினேன். மாமே டிவாவின் கிண்ணத்தில் நூற்றுக்கு எழுபத்திரண்டு சாவு. நானாவின் கிண்ணத்தில் எல்லாம் சௌக்கியம்.

பேராசிரியர் அன்று மாலை திரும்பினார். தாளை வாங்கிப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது வசவு. அவர் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

"இந்த டிவா எந்த ஊரு?"

"டாஃபோதான் புரோஃப்," என்றார் ஆன்ட்டி. "அவங்க அப்பா டெச்சிமான் லாரி ஓட்டினார்."

"அப்பா யாரா இருந்தா என்ன ஃப்ரேமா? நம்ம ஜனங்களுக்கு ரத்தம் அம்மா வழிதானே. அம்மா வழியை விசாரி. எங்கேயோ ஒரு அரண்மனை இருக்கும் பாரு."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நானாவோடது ஏன் புரோஃப் ஒண்ணும் பண்ணல?" என்று கேட்டேன்.

"கடைசியா வெச்சா எந்த ராஜமாதா வேலை செய்வா?"

அவர் விளையாடவில்லை. அதற்காக முகத்தை நன்றாகப் பார்த்தேன். கொஞ்சமும் விளையாடவில்லை.

அன்று அவர் போன பிறகு ஆன்ட்டி ஃப்ரேமா குழலைக் கழுவி ஊறப்போட எடுத்தார். நான் பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, யாரு கொல்றாங்கன்னு பார்க்காதீங்க. எது முதல்ல போகுதுன்னு பாருங்க. முதல்ல போறது எப்பவும் கொல்லுது."

"முதல்ல போனா என்ன? வெறும் குழல்தானே, அதுல என்ன இருக்கு..." என்றவர் கையிலிருந்த அசைடு பாட்டிலைப் பார்த்தார். "இதை எவ்வளவு விடறேன்னு இருபத்திரண்டு வருஷத்துல ஒருத்தனாவது கேட்டிருக்கீங்களாடா?"

"கேக்கல ஆன்ட்டி."

"நல்லாப் படிச்சீங்க."

அடுத்த செவ்வாய், பேராசிரியர் வருவதற்கு முன்னால், ஏழு மணிக்கே வேலையை ஆரம்பித்தோம். குழலை வழக்கம் போல இரண்டே தடவை அலசினோம். முதலில் யார் ரத்தத்தையும் விடவில்லை. உப்புத் தண்ணீரை விட்டோம். ராஜாவும் இல்லை, கென்கேயும் இல்லை, வெறும் உப்பும் நீரும். பிறகு மூன்று வாரத்துக்கு வைத்திருந்த உப்பு நீரை எல்லாம் கொட்டிக் குழலைப் பத்துத் தடவை அலசி, அதற்கப்புறம் நானாவின் ரத்தம். அது முந்தின வாரம் பெட்டி திறந்தபோது ஆன்ட்டி தனியாக எடுத்து வைத்த மிச்சம்.

வெள்ளிக்கிழமை உப்புத் தண்ணீர் நூற்றுக்கு எழுபத்துநாலைக் கொன்றிருந்தது. ராஜமாதாவை விட நாலு கூட.

நானாவின் கிண்ணத்தில் ஒன்றும் சாகவில்லை. எதுவும் விடாத கிண்ணத்தில் நூறு என்றால் இதில் நூற்றெட்டு. கொஞ்சம் கூடவே வளர்ந்திருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனேன். சுவரில் அவர் ரேடியோ நிலையத்தில் எடுத்துக்கொண்ட படம் புதிதாக மாட்டியிருந்தது. படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

"உப்புத் தண்ணி கெட்டுப்போயிருக்கும்."

"இருக்கலாம் புரோஃப். அதோட அம்மா வழியை விசாரிக்கவா?"

அவர் கவிழ்த்த தாள் மேல் பேனாவை வைத்தார். "ஒவிரேடு, உன் ஆய்வேட்டுல கையெழுத்துப் போட வேண்டியது யாருன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு புரோஃப்."

"புதன்கிழமை வைஸ் சான்சலர் வர்றார். அவர் பார்த்துட்டுப் போகட்டும். அப்புறம் நிதானமா, திரும்பப் பண்ணிப் பார்க்கலாம்."

"நானாவுக்குத் திங்கள்கிழமைதான் கடைசி."

"அது வார்டு வேலைப்பா. நாம செல்லு பாக்கறவங்க. ஆளைப் பாக்கறதில்ல."

செல்லையும் பார்க்கவில்லை என்பது வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். டாக்டர் பொவாஹெனிடம் போய்ச் சொன்னேன். "நான் சொன்னா டார்க்வா வாசல்லயே பூப்பூவாப் பேசி அனுப்பிடறார்," என்றார். "ரத்தம் கொல்லுதுன்னு சொன்னது உங்க ரூம். கொல்லலைன்னு சொல்ல வேண்டியதும் உங்க ரூம்தான்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ஆன்ட்டி ஃப்ரேமாவும் நானும் ட்ரோட்ரோ வேன் பிடித்து அசுபோன்சோ போனோம். ஆன்ட்டி நல்ல துணியாக உடுத்தி, மடியில் ஸ்னாப்ஸ் பாட்டிலைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார்.

"அங்க நான் ஆரம்பிக்கறேன்," என்றார். "நீ ஆரம்பிச்சா பரீட்சைத் தாள் மாதிரி இருக்கும். கெட்ட செய்தி சொல்றதுக்கு முன்னாடி, மன்னிக்கணும்னு செபே சொல்லணும். மறந்துடாத."

"செபே சொல்லிட்டா எதையும் சொல்லலாமா?"

"எதையும் சொல்லலாம். எதையும் சொன்னப்புறம் என்ன நடக்கும்ங்கறது வேற."

அரண்மனை முற்றத்தில் உட்கார வைத்தார்கள். நானா சேவா எதிரே இருந்தார். அறுபது வயதிருக்கும். தலையில் கறுப்புத் துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். ராஜமாதாவுக்கு உரிய முடிவெட்டு ஒன்று உண்டு, சுற்றிலும் ஒட்ட நறுக்கி உச்சி மட்டும் தட்டையாகக் கறுத்து நிற்கும். அதைத் துணிபோட்டு மூடி யாரும் பார்த்ததில்லை. அவர் அருகே கோலைப் பிடித்தபடி ஒச்சியாமே டார்க்வா. தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தோம். இங்கே எல்லாம் அமைதி, நீங்கள் வந்த காரியம் என்ன என்று டார்க்வா முறைப்படி கேட்டார். ஆன்ட்டி முறைப்படி பாட்டிலைக் கொடுத்து, ஊர் நலம் எல்லாம் கேட்டு, இந்தப் பையன் ஒன்று சொல்ல வந்திருக்கிறான் என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

"செபே," என்று ஆரம்பித்தேன். "ஒச்சியாமே, நானாகிட்ட சொல்லுங்க. நானாவோட ரத்தம் கட்டியைக் கொல்லல. நாங்க சொன்னது தப்பு."

டார்க்வா நானாவின் பக்கம் திரும்பினார். "நானா, உங்கள் ரத்தம் எவ்வளவு கருணையுள்ளது என்றால், எதிரியைக்கூட அது துன்புறுத்த விரும்புவதில்லை என்கிறான் இந்தப் பிள்ளை."

ஆன்ட்டி என் முழங்காலை அழுத்தினார். பொறுமையாக இரு என்று அர்த்தமா, சிரிக்காதே என்று அர்த்தமா தெரியவில்லை.

"ஒச்சியாமே, குழல்ல பூஞ்சை வராம இருக்க நாங்க ஒரு விஷம் வைக்கிறோம். அதைச் சரியா அலசல. நானாவோட ரத்தம் முதல்ல போனதால அந்த விஷம் எல்லாம் அதோட போச்சு. செல்லைக் கொன்னது அந்த விஷம்."

"நானா, உங்களுக்கு முன்பாக அந்த வீட்டில் ஒரு காவலாளி இருந்தானாம். உங்களைக் கண்டதும் கூடவே நடந்து வந்தானாம். மிக விசுவாசமானவன்."

"திங்கள்கிழமை கீமோவுக்கு வரலைன்னா கட்டி திரும்ப வளரும். அப்புறம் அடக்க முடியாமப் போகலாம்."

"திங்கள்கிழமை நல்ல நாள் என்கிறான் நானா."

முற்றத்தில் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது. நானா அதைப் பார்த்துக்கொண்டே, "டார்க்வா," என்றார்.

"நானா."

"போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு வா."

"தாகமில்லை நானா."

"இருக்கும். போ."

டார்க்வா கோலையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தபடி, உள்ளே போனார். அப்படி ஒரு ஒச்சியாமேயை அனுப்பி நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. நானா என்னைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு காது இருக்கு. நீ சொன்னதும் கேட்டுச்சு, அவன் சொன்னதும் கேட்டுச்சு. முதல்ல போனதால விஷம் என் ரத்தத்தோட போச்சு, அப்படித்தானே?"

"ஆமா நானா."

"அந்தக் கென்கே விக்கிறவ முதல்ல போயிருந்தா?"

"போனாங்க ஒரு தடவை. அன்னிக்கு அவங்களோடது கொன்னுச்சு. அப்புறம் வெறும் உப்புத் தண்ணியை விட்டோம். அது உங்களை விட நல்லாக் கொன்னுச்சு."

"செபே," என்றார் ஆன்ட்டி அவசரமாக.

நானா கையை அசைத்தார், பரவாயில்லை என்பதுபோல. "அப்போ என் ரத்தம் தானா ஒண்ணும் பண்ணலையா?"

"நல்லா அலசிட்டுப் பார்த்தப்ப நூறு செல்லு நூத்தெட்டு ஆச்சு. ஒருவேளை கட்டியைக் கொஞ்சம் வளர்த்து விடுதோ என்னமோ. சில பேரோடது அப்படிப் பண்ணும்னு சொல்றாங்க. ஒருவேளை நான் எண்ணினதே முன்னப்பின்ன இருக்கலாம். ஒரு தடவைதான் பார்த்திருக்கோம், உறுதியாச் சொல்ல மாட்டேன்."

"ரெண்டு மாசமா ரேடியோவுல என் ரத்தம் சிறுத்தைன்னாங்க," என்றார் நானா. "இப்ப பார்த்தா சமையக்காரி."

ஆன்ட்டி ஃப்ரேமா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"உங்க புரோஃப் ஏன் வரல? சந்தோஷச் செய்தின்னா ரெண்டு பாட்டிலோட வந்தார்."

"வைஸ் சான்சலர் வர்றார் நானா," என்றார் ஆன்ட்டி. "அதுக்கு ஏற்பாடு."

"அவருக்கும் ரத்தம் எடுத்து முதல்ல வெச்சுடுங்க." தலைத்துணியின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஆன்ட்டியிடம், பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளை பேசுகிற குரலில் சொன்னார். "நான் ஒண்ணும் முட்டாள் இல்ல ஃப்ரேமா. படை, தளபதி எல்லாம் நம்பினேன்னு நினைக்காத. ரெண்டு தடவை ஏத்தினதுல முடி மொத்தமும் போச்சு. ஆகஸ்ட்ல தர்பார். ஊர் பூரா என் தலையைத்தான் பார்க்கும். நிறுத்திட்டா அதுக்குள்ள ஒரு விரல் அளவாவது முளைக்கும்னு கணக்குப் போட்டுட்டு இருந்தேன். அப்பதான் உங்க ஆளு வந்து, உங்க ரத்தமே போதும்னார். எனக்கு அது வசதியா இருந்துச்சு."

வசதியாக இருந்ததால் ஏற்றுக்கொண்டவர்களில் அவர் ஒருத்தர்தான் அதை ஒத்துக்கொண்டவர்.

"வருவீங்களா நானா?" என்றேன்.

அப்படிக் கேட்கக்கூடாது போலிருக்கிறது. நானாவின் முகம் மூடிக்கொண்டது. "போயிட்டு வாங்க," என்றார்.

டார்க்வா அதற்குள் வந்து நின்றார். "உங்கள் வருகையால் நானா மிகுந்த மகிழ்ச்சி அடைந்தார்," என்று எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு வார்டு வராந்தாவில் போய் உட்கார்ந்தேன். பேராசிரியர் மூன்று தடவை போன் செய்தார். எடுக்கவில்லை. நாலாவது தடவை செய்தி அனுப்பினார். அரண்மனைக்குப் போனது தனக்குத் தெரியும் என்றும், புதன்கிழமை திரையில் காட்டும் படங்களில் 'கொல்லும்' என்பதை எடுத்துவிட்டு 'கருணையுள்ள' என்று போட்டிருப்பதாகவும், எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படியும் எழுதியிருந்தார். டார்க்வாவிடம் பேசியிருக்கிறார்.

ஒன்பதரை ஆயிற்று. பதினொரு பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், நாலாவது ஆள் மாமே டிவா. டாக்டர் பொவாஹென் இரண்டு தடவை வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். மூன்றாவது தடவை பார்க்கவில்லை.

பத்தரை மணிக்குக் கோல் முதலில் வந்தது, அதன் பின்னால் டார்க்வா. "நானா வாகனத்தில் சற்று இளைப்பாறுகிறார்," என்று அறிவித்தார். ஜன்னல் வழியே பார்த்தேன். மரத்தடியில் நின்ற காரின் கதவு திறந்திருந்தது. நானா குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மருந்து ஏறுவதற்கு முன்பே. அந்த ஆஸ்பத்திரி வாசனையே சிலருக்குப் போதும்.

வாயைத் துடைத்துக்கொண்டு தானாக நடந்து வந்தார். வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வழிவிட்டார்கள், நர்ஸ் நாற்காலியைக் காட்டினார், நானா உட்கார்ந்தார். சிவப்பு மருந்து ஊசிக்குழாயில் தயாராக இருந்தது. அதைப் பார்த்தார், பிறகு கதவோரம் நின்ற என்னைக் கூப்பிட்டார்.

"இதையும் உங்க செல்லு மேல விட்டுப் பார்த்தீங்களா?"

"ஒவ்வொரு செவ்வாயும் நானா."

"முதல்ல வெச்சா, கடைசில வெச்சா?"

"இது அந்தக் குழல் வழியாப் போறதே இல்ல நானா. எங்க வெச்சாலும் கொல்லும்."

டார்க்வா கோலைத் தரையில் ஊன்றி, எதையோ அழகுபடுத்த வாயைத் திறந்தார்.

"நீ பேசாத," என்றார் நானா. கையை நீட்டினார்.

நர்ஸ் தட்டித் தட்டி நரம்பைத் தேடினார். இரண்டு தடவை கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை கிடைத்தது.